தராசு கூறாத செய்தி

பருத்தவனே நோயாளி, மெலிந்தவனுக்கு நீரிழிவு வாராது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. பருத்த பிள்ளையை உடன் பயில்வோர் எள்ளி நகைத்தபோது நான் பன்முறை கண்டித்திருக்கிறேன். மெலிந்த பிள்ளையின் நலனைப் பற்றியோ எவரும் ஐயுறுவதில்லை. இவ்வெண்ணம் சரிதானா?

கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கணக்கைக் கண்டவர் பெல்ஜிய நாட்டுக் கெத்தலே. அவர் மருத்துவர் அல்லர். மக்கள் திரளின் சராசரி இயல்பை ஆராய்ந்த கணித அறிஞர். திரளை அளக்க எழுந்த கோல், தனி ஒருவரின் உடலுள் இருப்பதை முற்றும் காட்டுமா?

2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் அதில் இருந்தனர். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. ஆயினும், யுட்கினின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 பங்கு!

இருவரை மட்டும் கொண்டு முடிவு கூறலாமா என்பீர்கள். நல்ல வினா. பல நாட்டு ஆய்வுகளை நோக்கிய உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும், ஆசிய மக்கள் 25 வரை காத்திராமல் 23-இலேயே விழிப்புக் கொள்ள வேண்டும் என்று அதே ஆண்டில் கூறியது. இவ்வளவு வளர்ந்தோர்க்கே உரியது. சிறுவர்க்கு அளவு வேறு.

காரணம் என்ன? உணவிலிருந்து பெறும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைகள் ஏற்கின்றன. ஏற்கச் செய்வது இன்சுலின். தசை குன்றி, கல்லீரலிலும் வயிற்றினுள்ளும் கொழுப்பு மிகுந்தால் இன்சுலினின் ஆற்றல் மங்கும். கைகால்கள் மெலிந்தவரிடமும் இது நிகழலாம்.

பருமன் தீங்கற்றது என்று நான் கூறவில்லை. மெலிவு மட்டுமே காப்பாகாது என்கிறேன். பட்டினி கிடந்து எடை குறைப்பவன் கொழுப்போடு தசையையும் இழக்கிறான். ஆகவே, நாள்தோறும் ஓடியாடி விளையாடுங்கள். பருப்பும் கீரையும் சோற்றுக்குத் துணையாகட்டும்.

இன்னும் ஒன்று. "நான் ஒல்லிதானே, எனக்கேன் சோதனை?" என்று வாளாவிருக்கும் பெரியவர் உங்கள் இல்லத்தில் இருக்கலாம். நீங்கள் கற்றதை அவருக்கு அன்போடு எடுத்துச் சொல்லி, இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளச் செய்யுங்கள். கண்டதைக் கொண்டு முடிவு கட்டாமல், அளந்து அறிவதே அறிவியல் நமக்குக் கற்பிக்கும் பாடம்.