நூலைப் போல ஒரு மென்பொருள்



கணினி நிரல் எழுதும் கருவிகள் பல நூறு டாலர் விலை பெற்றிருந்த காலம் அது. 1983இல், கலிபோர்னியாவில் பிலிப் கான் தலைமையில் இயங்கிய போர்லண்ட் நிறுவனம், டென்மார்க்கினரான ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் படைத்த டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கே அஞ்சல்வழி விற்றது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் அதில் இல்லை. நிறுவனத்தின் உரிம வாசகமோ, மென்பொருளை ஒரு நூலாகவே கருதச் சொன்னது. பலர் கைக்கு மாறலாம். ஒரே பொழுதில் ஈரிடத்தில் பயன்படுதல் ஆகாது. அவ்வளவே! வழக்கறிஞர் எழுதும் உரிமங்களில் இத்தகைய தெளிவு அரிது.

வாங்குவோரை நம்பிய அவ்வணிகம் செழித்தது. ஆயின் 1991இல், ஆஷ்டன்-டேட் நிறுவனத்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய சுமை அதனைத் தளர்த்திற்று. 1995இல் டெல்ஃபி என்னும் சிறந்த கருவி வெளிவந்தும், மறு ஆண்டே ஹெய்ல்ஸ்பெர்க் மைக்ரோசாஃப்ட் சென்றார். 2009இல் போர்லண்ட், மைக்ரோ ஃபோக்கஸ் வசமாயிற்று. டெல்ஃபி மட்டும் வேறொரு நிறுவனத்தின் கையில் இன்றும் வழங்குகிறது.