சாலைப் பணியும் பிணைப் பத்திரமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மேடையில் பிணைப் பத்திரத்தைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று சிலர் வியக்கக்கூடும். பம்மல், திரிசூலம் குன்றுகளில் கல்லுடைத்தவர் யார்? அக்கல் ஜல்லியாகிச் சாலையில் விழுந்தபோது கொதிக்கும் தாரை அதன்மேல் ஊற்றியவர் யார்? நம் தந்தையரும் தாயரும் அவர்களுள் இருந்தனர். பல்லாவரம் – குன்றத்தூர் சாலையில் நடக்கும்போது நாம் அதை மறப்பதில்லை. ஆயினும் சாலை ஒப்பந்தங்களில் ஒப்பந்தக்காரர் என்று கையெழுத்திட்டவர் நம்மில் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலை தெரியாமை அதற்குக் காரணம் அன்று. பிணை கொடுக்க இயலாமையே காரணம்.

பிணை என்பது யாது? 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 126 ஆம் பிரிவில் அதனை விளக்குகிறது. கடமைப்பட்டவர் ஒருவர், அக்கடமை யாருக்கு உரியதோ அவர் ஒருவர், முன்னவர் தவறினால் யான் பொறுப்பு என்று உரைக்கும் பிணையாளர் ஒருவர். சாலைப் பணியில் கடமைப்பட்டவர் ஒப்பந்தக்காரர்; உரியவர் அரசுத் துறை. ஒப்பந்தப்புள்ளியோடு முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். பணி கிடைத்தபின் அதனைச் செவ்வனே முடிப்பதற்குப் பிணை வைக்க வேண்டும். சாலை போட்ட பின்னரும், குறைபாடுகளுக்குப் பொறுப்பேற்கும் காலம் முடியும்வரை ஒரு பகுதி துறையிடமே தங்கிவிடும். ஒரு கோடி ரூபாய்ப் பணிக்கு 5 விழுக்காடு பிணை என்றால் 5 இலட்சம். ரொக்கம் இல்லாதவர் வங்கி உத்தரவாதம் தரலாம். ஆனால் வங்கி அதற்கு ஈடாக வைப்பு நிதியும் சொத்தும் கேட்கும். வட்டாட்சியரிடம் பெறும் சொத்து மதிப்புச் சான்றிதழும், பெயருக்கேற்பச் சொத்துடையார்க்கே கிட்டும்.

சொத்து என்றால் நிலம். நம் நிலத்தின் கதை நீங்கள் அறியாததன்று. பம்மல் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரெமென்ஹீர் 1891 இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892 இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். பத்தாண்டுகள் கைமாற்றலாகாது, அதன்பின்னும் நம் வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு விற்றல் ஆகாது என்பது நிபந்தனை. நிலத்தைக் காக்க எழுந்த நல்ல நிபந்தனை. அதை நாம் குறை கூறவில்லை. எனினும் தாராளமாக விற்க இயலாத நிலத்தை எந்த வங்கி ஈடாக விரும்பும்? நிலம் இழந்தவனிடம் ஈடு இல்லை. நிலம் காத்தவனுடைய ஈடு செல்லுவதில்லை.

எனவே நம்மவர் உள் ஒப்பந்தக்காரராகவே நின்றனர். நம் தெருவில் ஒரு மேஸ்திரியை நாம் அறிவோம். ஆளும் அவருடையது, உழைப்பும் அவருடையது, பட்டியல் தொகை மட்டும் வேறொருவர் பெயரில் வரும். அந்த ஒப்பந்தக்காரர் இறுதித் தவணையைத் தராமலே போனார். மேஸ்திரி மனைவியின் கம்மலை அடகு வைத்து ஆட்களுக்குக் கூலி கொடுத்தார். எழுத்தில் ஒன்றும் இல்லாமையால் வழக்கும் இல்லை.

இப்போது ஒரு புதிய கதவு சற்றே திறந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களே பிணைப் பத்திரம் வழங்கலாம் என்னும் நெறிமுறை 2022 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, பிப்ரவரியில், ஒன்றிய அரசு தன் பொது நிதி விதிகளைத் திருத்தி, வங்கி உத்தரவாதத்தைப் போன்றே இப்பத்திரத்தையும் ஏற்கலாம் என்றது. நிறுவனம் நிலத்தை மட்டும் நோக்குவதில்லை. முடித்த பணிகள், கணக்குகள், வரி செலுத்திய சான்றுகள் ஆகியவற்றையும் நோக்கி எடைபோடும். அமெரிக்காவில் 1935 ஆம் ஆண்டின் மில்லர் சட்டம் ஒன்றிய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு இரண்டு பத்திரங்களைக் கட்டாயமாக்கியது. ஒன்று பணி முடிப்பதற்கு. மற்றொன்று தொழிலாளர்க்கும் பொருள் தந்தவர்க்கும் பணம் சேர்வதற்கு. அந்த இரண்டாம் பத்திரம் நம் மேஸ்திரிக்கு அன்று இருந்திருக்குமாயின்! அங்கும் சிறிய ஒப்பந்தக்காரர்க்குப் பத்திரம் எளிதில் கிட்டவில்லை. ஆகவே 1971 முதல் அரசின் சிறுதொழில் நிர்வாகமே பிணை நிறுவனத்திற்கு உறுதி அளிக்கும் திட்டம் நடந்து வருகிறது. அத்தகைய ஏற்பாட்டை நாமும் உரிமையோடு கேட்க வேண்டும். கர்நாடகம் 50 இலட்சம் வரையிலான அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினர்க்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கிச் சட்டம் செய்து, பின்னர் அவ்வரம்பை ஒரு கோடியாக உயர்த்தியது. அண்டை மாநிலத்தில் ஆனது இங்கு ஏன் ஆகலாகாது?

ஒன்றை மட்டும் அழுத்திக் கூற விரும்புகிறோம். பிணைப் பத்திரம் ஒப்பந்தக்காரரைக் காக்கும் காப்பீடு அன்று. நிறுவனம் துறைக்குப் பணம் கட்டினால், கட்டியதை நம்மிடமே வசூலிக்கும். தனி மனிதர் பிணை நின்றாலும் 128 ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறு கூறாவிடில், கடன்பட்டவரின் பொறுப்பு முழுவதும் அவருக்கும் உண்டு. நண்பனாயிற்றே என்று தேநீர்க் கடையில் அமர்ந்து கையெழுத்திட்ட இளைஞர் சிலர், வீட்டு வாசலில் நோட்டீசு ஒட்டப்பட்டபின் நம்மிடம் ஓடிவந்ததுண்டு. நம் சாதிச் சான்றிதழை இரவல் கேட்டு வருவோரிடமும் இதே எச்சரிக்கை தேவை. பெயர் நம்முடையது, இலாபம் அவருடையது, பொறுப்பு மறுபடி நம்முடையது!

ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பை எடுத்தால் எந்த வகைப் பிணை ஏற்கப்படும் என்னும் பகுதியை முதலில் படியுங்கள். சிறு பணியாயினும் முடிப்புச் சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள். கூலிப் பதிவேட்டை நாள்தோறும் எழுதுங்கள். சிவில் பட்டயம் படிக்கும் மாணவரும் வணிகவியல் படிக்கும் மாணவரும் கூடி அமர்ந்தால் நம் மேஸ்திரிகளின் கணக்குகளை ஒரு மாதத்தில் ஒழுங்குபடுத்திவிடலாம். கழக நூலகத்தின் மேசையும் விளக்கும் அதற்குத் தயாராக உள்ளன. பழைய இரசீதுகள் கிழிந்திருந்தாலும் எடுத்து வாருங்கள்.