ஆற்றின் நிறம்



நீர்வண்ண ஓவியத்தில் வெண்மைக்குத் தனிச் சாயம் வேண்டுவதில்லை. ஆற்றின்மேல் வெயில் பளபளக்க வேண்டுமாயின், ஓவியர் அவ்விடத்தைத் தீட்டாமல் விட்டுவிடுவார். தாளின் வெண்மையே ஒளியாக நின்றுவிடும்.

விக்டோரியா அரசியார் காலத்தில் இக்கலையில் சிறந்து விளங்கியவர்களுள் எட்வர்டு லியர் ஒருவர். 1846-இல் அரசியாருக்கே சித்திரப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். தமது அறுபத்தோராம் வயதில், 1873-இல், இந்தியாவுக்கு வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் காசியிலே கங்கையின் படித்துறைகளையும் படகுகளையும் வரைந்தார். 1874-இல் சென்னை, காஞ்சி, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களையும் கண்டு வரைந்தார்.

அவருடைய முறை நாம் அறியத் தக்கது. கண்ட இடத்திலேயே பென்சிலால் கோடிடுவார். ஊரின் பெயரையும் நாளையும் குறிப்பார். இன்ன இடம் இன்ன நிறம் என்று ஓவியத்தின் மேலேயே எழுதிவைப்பார். மையும் வண்ணமும் பின்னர்தான். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து நூலகத்தில் உள்ள அவ்வோவியங்கள் இன்று அழகுப் பொருள்கள் மட்டுமல்ல. அக்கால இந்தியாவுக்குச் சாட்சிகளுமாகும்.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். கொசஸ்தலையாறு திருவள்ளூர் மாவட்டத்தின் வழியே ஓடி, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, எண்ணூரில் கடலோடு கலக்கிறது. கரைகளில் நெல்வயலும் உண்டு. கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்வோரும் உண்டு. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அக்கழிமுகத்தில் படர்ந்தது. படகுகளும் வலைகளும் அலையாத்தி மரங்களும் கறுத்தன. அக்கறுப்பையே ஆற்றின் இயற்கை நிறமென்று ஒரு தலைமுறை எண்ணிவிடுமாயின், அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. முன்பிருந்த நிறத்தை அறியாதவர் அதனை மீட்கக் கேட்பது எங்ஙனம்?

ஆதலால் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். மாம்பழமும் குடமும் வரையும் சித்திர வகுப்பை, ஆண்டில் நான்கு முறையேனும் ஆற்றங்கரையில் நடத்துங்கள். பொன்னேரிப் பிள்ளைகளுக்கும் கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளுக்கும் ஆரணியாறு அருகிலேயே இருக்கிறது. தாளின் ஓரத்தில் இடம், நாள், நேரம், நீரின் நிறம் ஆகியவற்றைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்: கலங்கல், பாசிப்பச்சை, தேன்நிறம். அத்தாள்களை ஆண்டுதோறும் பள்ளியில் சேர்த்து வையுங்கள்.

புகைப்படக் கருவி இருக்கையில் தூரிகை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கருவி நொடியில் எடுத்துவிடும். பிள்ளையோ அரைமணி நேரம் ஆற்றை உற்றுப் பார்த்தாக வேண்டும். அவ்வாறு பார்த்த ஒன்றை மனம் எளிதில் கைவிடாது.

ஒளிக்கென்று பிள்ளை தாளில் ஓரிடம் வெறுமையாக விட்டுவைக்கும். அங்கே ஒளிர்வதற்கேற்ற தெளிந்த நீரை ஆற்றில் விட்டுவைப்பது பெரியோராகிய நம் கடமையன்றோ?