சிக்னல் ஜெனரேட்டரின் உள்ளே



வானொலிப் பெட்டி பழுதுபட்டால் அதனைத் திருத்துபவரிடம் கொடுக்கிறோம். அவர் நிலையத்தார் ஒலிபரப்பும் நேரம் வரையில் காத்திருக்க இயலாது. தமக்கு வேண்டிய அலையை, வேண்டிய பொழுதில், வேண்டிய அளவில் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதன் பொருட்டு அவர் மேசைமீது வைத்திருக்கும் கருவியே சிக்னல் ஜெனரேட்டர். அதனை ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் என்றே சொல்லலாம். மற்ற நிலையங்களுக்கு உரக்கப் பேசுவது பெருமை. இதற்கோ மிக மெல்லப் பேசுவதே பெருமை. இதன் உள்ளமைப்பையும், இதன் காரணமாக நான் ஒரு மாணவனுக்கு இழைத்த பிழையையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

1988ஆம் ஆண்டில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். கடையை மூடிவிட்ட ஒரு வானொலி மெக்கானிக், வால்வுகள் பொருத்திய பழைய சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றை எங்கள் அறிவியல் கழகத்துக்குக் கொடுத்தார். அதன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே மாணவர்களுக்குப் பாடம் சொன்னேன்.

முதற்கண் அலையைப் பிறப்பிக்கும் பகுதியைக் காண்போம். அதில் ஒரு கம்பிச்சுருளும் ஒரு கண்டென்ஸரும் இணைந்திருக்கும். கண்டென்ஸரில் சேர்ந்த மின்சாரம் சுருளின் வழியே பாயும். கண்டென்ஸர் காலியான பின்பும் சுருளின் காந்தம் அவ்வோட்டத்தை நிற்கவிடாது. ஆதலால் மறுபக்கம் மின்சாரம் ஏறும். பிறகு அது திரும்பும். இஃது ஊஞ்சலைப் போன்றதே. ஊஞ்சலும் தானே ஆடிக்கொண்டிராது. கம்பியின் தடையினால் இங்கும் ஆட்டம் தேய்ந்துபோம். உரிய கணத்தில் ஒரு சிறு தள்ளு கொடுத்துவரின் ஓயாது. அத்தள்ளைக் கொடுப்பது வால்வு; பிற்காலக் கருவிகளில் டிரான்ஸிஸ்டர். எந்தக் கணத்தில் தள்ள வேண்டும் என்பதை வால்வு எங்ஙனம் அறியும்? ஆட்டத்தின் ஒரு பகுதியையே எடுத்து வால்வுக்குத் திருப்பி ஊட்டுகிறார்கள். சுருளின் நடுவில் ஓரிடத்திலிருந்து கம்பி எடுத்து இதனைச் செய்யும் முறையை அமெரிக்கரான ஹார்ட்லி 1915ஆம் ஆண்டில் கண்டார். எங்கள் கருவியிலும் அம்முறையே இருந்தது.

அலைவெண்ணை மாற்றுவதற்கு, தகடுகள் சுழலும் கண்டென்ஸர் உண்டு. இங்கு ஒரு கணக்கு இருக்கிறது. (கணக்கு என்றதும் வானொலியை நிறுத்திவிடாதீர்கள், சிறிய கணக்குத்தான்.) கண்டென்ஸரின் கொள்ளளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தால், அலைவெண் ஒன்பது மடங்கு ஏறுவதில்லை, மூன்று மடங்கே ஏறும், அது வர்க்கமூலத்தைப் பின்பற்றுவது. சுழலும் கண்டென்ஸர் ஒன்றினால் ஏறத்தாழ அவ்வளவே எட்ட முடியும். 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரையில் வேண்டுமாயின், 100, 300, 900 என்று மும்மும்மடங்காக ஏறிப் பாருங்கள். ஆறு படிகள் வேண்டும். ஆகவேதான் அக்கருவியில் ஆறு சுருள்களும், அவற்றை மாற்றிக்கொள்ள ஒரு திருகு ஸ்விட்சும் இருந்தன. இதனை மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் கண்டபோது வகுப்பறை கலகலத்தது.

பிறந்த அலையை நேரே வெளியே அனுப்பலாகாது. வெளியே எதை இணைத்தாலும் அதன் சுமை ஊஞ்சலைப் பிடித்து இழுக்கும், அலைவெண் நகர்ந்துவிடும். ஆதலின் நடுவே தடுப்புச் சுவர்போல் மற்றொரு வால்வு நிற்கிறது. வெறும் அலைக்கு ஓசை இல்லை. அதன்மேல் 400 ஹெர்ட்ஸ் ஒலியை நூற்றுக்கு முப்பது அளவில் ஏற்றினால்தான் பெட்டியில் சீழ்க்கைபோல் கேட்கும். இவ்வேற்றத்தையும் ஊஞ்சலில் செய்யாமல் நடு வால்விலேயே செய்வது நல்லது. மலிவான கருவிகளில் இவ்விதி பேணப்படுவதில்லை.

இறுதியாக வருவது அளவைக் குறைக்கும் பகுதி. என் கருத்தில் இக்கருவியின் உயிர்நிலை இதுவே. உள்ளே எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் என்று கொள்வோம். நல்ல வானொலிப் பெட்டியோ சில மைக்ரோவோல்ட்டுகளையே கேட்டுவிடும். எனவே பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். தடைகளை ஏணிப்படிபோல் அடுக்கி, ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்காக்கினால் ஆறு படிகளில் அது கைகூடும். காகிதத்தில் இஃது எளிது. ஆனால் ஏணியின் வழியே ஒரு மைக்ரோவோல்ட் இறங்கி வரும்போது, அதே பெட்டிக்குள் ஒரு வோல்ட் கொதித்துக்கொண்டிருக்கிறதல்லவா? அது காற்றின் வழியாகவோ, மின்சாரம் வரும் கம்பியின் வழியாகவோ சிறிது கசிந்தாலும் ஏணி வீணே. இதனாலேயே அலை பிறக்கும் பகுதியைத் தனியாக ஓர் உலோகப் பெட்டிக்குள் அடைத்து, அதன்மேல் வெளிப்பெட்டியையும் இடுகிறார்கள். மின்கம்பி நுழையுமிடத்தில் வடிகட்டியும் அமைக்கிறார்கள்.

இவ்வளவும் அறிந்த நான்தான் அந்தப் பிழையைச் செய்தேன். ஒரு நாள் மாலை, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் 455 கிலோஹெர்ட்ஸில் பெட்டி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். "ஐயா, குமிழைக் கடைசி வரையில் குறைத்துவிட்டேன், ஆனாலும் ஓசை குறையவில்லையே" என்றான். நான் எழுந்து சென்று பார்க்கவில்லை. அவன் செய்முறை நோட்டில் அவ்வாறே எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, 'கவனக்குறைவு' என்று எழுதினேன். நண்பர்கள் முன்னிலையில் சில சொற்களும் சொன்னேன். அவற்றை இங்கே திருப்பிச் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அலமாரியைத் துப்புரவு செய்தபோது, சாக்குக்கட்டிப் பெட்டிகளுக்குப் பின்னே ஒரு செப்புத் தகடு கிடந்தது. அஃது அந்த உட்பெட்டியின் மூடி. பாடம் நடத்துவதற்காகக் கழற்றியவன், அதனைத் திரும்பப் போடாமலேயே வெளிப்பெட்டியை மூடியிருக்கிறேன்! பையன் கேட்டது ஏணி வழியே வந்த அலை அன்று. காற்றில் கசிந்து வந்தது. எந்தக் குமிழைத் திருகினாலும் அது எங்ஙனம் குறையும்?

மறுநாள் கழகத்தார் எல்லோரையும் கூட்டி, நடந்ததைச் சொல்லி, என் எழுத்தை நானே அடித்து, 'கண்டது சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டு நோட்டை அவனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. மாலைச் செய்முறைக்கு அதன்பின் அவன் வரவேயில்லை. இரண்டொரு முறை அழைத்தும் பார்த்தேன்.

இக்காலத்துக் கருவிகளில் சுழலும் கண்டென்ஸரைக் காண்பது அரிது. ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் நிலையான அதிர்வை அளவுகோலாக வைத்து, வேண்டிய அலைவெண்ணை எண்களாலேயே அமைத்துக்கொள்கிறார்கள். ஆயினும் ஏணியும் உலோகப் பெட்டியும் இன்னும் போகவில்லை. எவரேனும் பழைய ஜெனரேட்டர் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தால், முதலில் வெளியேறும் கம்பியைக் கழற்றிவிட்டு, வானொலிப் பெட்டியைச் சற்றுத் தள்ளி வைத்துக் கேட்கிறேன். அப்போதும் சீழ்க்கை கேட்குமாயின், திருப்புளியை எடுத்துக்கொண்டு மூடியைத் தேடத் தொடங்குகிறேன்.