வோல்கா கரையில் நிமிர்ந்த தலை



ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861-ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், 1870-இல் வோல்கா நதிக்கரைக்குச் சென்ற ஓவியர் இலியா ரெப்பின் கண்டது என்ன? மனிதர்கள் மாடுகளைப்போல் மார்பில் வார் பூட்டிப் படகு இழுத்தனர். அக்காட்சியை அவர் 1873-இல் ஓவியமாக வரைந்து முடித்தார். அதில் பதினொரு பேர் இழுக்கின்றனர். தொலைவிலோ நீராவிக் கப்பலின் புகை தெரிகிறது. இயந்திரம் வந்த பின்னும் ஏழையின் தோள் ஓய்வு பெறவில்லை.

ரெப்பின் அவர்களைக் கும்பலாகக் காட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் தனி முகம் தந்தார். பெரும்பாலோர் முன்சாய்ந்திருக்க, நடுவே ஓர் இளைஞன் நிமிர்ந்து தன் வாரில் கை வைக்கிறான்.

சட்டம் விடுதலையை எழுதித் தரும். தோளின் வாரைக் கழற்றக் கல்வியும் ஒற்றுமையும் வேண்டும். அவ்விளைஞனிடம் நாம் கற்கும் பாடம் இதுவே.