அன்றாட வாழ்வும் கலையும்



கலை என்றவுடன் மேடையும் திரையும் அருங்காட்சியகமும் நினைவில் எழுவது இக்காலத்து இயல்பு. படைப்பவர் சிலர், பார்ப்பவர் பலர், இருவருக்கும் இடையே ஒரு நுழைவுச் சீட்டு. இந்தப் பிரிவினையைப் பழையோர் இவ்வளவு அழுத்தமாக அறிந்திருக்கவில்லை. வாத்ஸ்யாயனர் தரும் அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலில் பாடல், ஆடல், ஓவியம் ஆகியவற்றோடு மாலை தொடுத்தலும், சமைத்தலும், தைத்தலும், அரிசியாலும் மலராலும் கோலமிடுதலும் ஒரே வரிசையில் இடம் பெறுகின்றன. இலங்கையில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி தம் எழுத்துகளில் வலியுறுத்தியதும் இதுவே. நுண்கலை உயர்ந்தது, கைத்தொழில் தாழ்ந்தது என்னும் பாகுபாடு அண்மைக்காலத்தது என்றும், செய்வன செய்யும் எவருக்கும் கலைத்திறன் உரியது என்றும் அவர் வாதிட்டார்.

தமிழிலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை எண்ணிப் பார்க்கலாம். குடத்துப் பால் உறையவில்லை. எருதின் கண்ணில் நீர் வடிகிறது. வரப்போகும் தீங்கிற்கு அஞ்சிய மாதரி குரவையாட அழைக்கிறாள். ஏழு பெண்கள் ஏழு நரம்புகளின் பெயர் பூண்டு கைகோத்து ஆடுகிறார்கள். அவர்கள் அரங்கேறிய மாதவியைப் போன்ற கணிகையர் அல்லர். பால் கறந்து மோர் விற்பவர்கள். அவர்களுக்கு ஆடல் பொழுதுபோக்கன்று. அச்சத்தைத் தாங்குவதற்கான ஒரு வழி. அரங்கேற்று காதையில் ஆடற்கலையின் இலக்கணத்தை அத்துணை விரிவாகச் சொன்ன இளங்கோவடிகளே, வாழ்த்துக் காதையில் நெல் குற்றுவோர் பாடும் வள்ளைப் பாட்டிற்கும், பந்தாடுவோர் பாடும் கந்துக வரிக்கும் இடம் தந்தார். இரண்டும் கலையே என்பது அவர் முடிபு.

வாசற்கோலத்தை எடுத்துக்கொள்வோர், அது எளிய அலங்காரம் என்று கடந்து போவதுண்டு. நேர்ப்புள்ளி, இடுக்குப்புள்ளி என்று புள்ளி வைத்து, ஒரே இழையைக் கை எடுக்காமல் வளைத்துத் தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் சிக்குக் கோலத்தில் ஆழ்ந்த கணக்கு உள்ளது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970களில் இதனை ஆராய்ந்தார். கோலங்களைக் கணிப்பொறியியலின் வடிவ இலக்கணத்தோடு பொருத்திக் காட்டி அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 1974இல் வெளிவந்தது. ஆய்வாளர் குறியீடுகளால் எழுதியதை, பள்ளி வாசலை மிதித்தறியாத பாட்டி விரலிடுக்கின் மாவால் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அதைச் சேமிக்கவில்லை. எறும்பு தின்றதும் கால் மிதித்ததும் போக எஞ்சியது மறுநாள் சாணநீரில் கரைந்தது. நாளும் அழிவதால்தான் அது நாளும் புதிதாகப் பிறந்தது.

ஏற்றப்பாட்டின் நிலை வேறு. அது உழைப்பின் அளவுகோலாக இருந்தது. எத்தனை சால் நீர் இறைத்தாயிற்று என்ற எண்ணிக்கை பாட்டின் அடிகளிலேயே வைக்கப்பட்டது. எண்ணும் பாட்டும் பிரியவில்லை. தாலாட்டோ குழந்தைக்காகப் பாடப்படினும், பாடுபவளின் பிறந்த வீட்டுப் பெருமையும் புகுந்த வீட்டுக் குறையும் அதில் ஒலித்தன. ஒப்பாரியில் இறந்தவரின் புகழோடு இருப்பவர் மீதான வழக்கும் வெளிப்பட்டது. குடும்பத்துப் பேச்சில் இடமில்லாத பெண்ணுக்குப் பாட்டில் இடமிருந்தது. நேரே சொன்னால் சண்டையாகும் சொல்லை, இராகத்தோடு சொன்னபோது ஊரே நின்று கேட்டது.

ஆயினும் பழமையைப் பொன்னுலகமாகப் பாடுவது நேர்மையாகாது. ஏற்றம் மிதித்தவரின் கால் நோவைப் பாட்டு மறக்கச் செய்ததேயன்றிப் போக்கவில்லை. போக்கியது மின்சாரப் பம்பு. நெல் குற்றிய பெண்ணின் கையைக் காத்தது அரைவை ஆலை. விடியுமுன் எழுந்து கோலமிடுவது பல வீடுகளில் மருமகளின் விருப்பமாக அன்றிக் கட்டாயமாகவே இருந்தது. இழவு வீட்டில் பறையடிப்பது ஒரு சாதியார் மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அந்த இழிவை மறுத்துப் பறையைக் கீழே வைத்தவர்களும் உண்டு. அதே பறையைத் தன்மதிப்பின் முழக்கமாகக் கையில் எடுத்தவர்களும் உண்டு. இரு சாராரும் செய்தது ஒன்றே: கலையைக் கட்டளையிலிருந்து விடுவித்தார்கள்.

ஆகவே, பம்பு வந்ததால் பாட்டுப் போயிற்றே என்று புலம்புவதில் பயனில்லை. உழைப்பு குறைந்து மிஞ்சிய பொழுதில் பாட்டுக்கு மாற்றாக வந்தது எது என்பதே கேட்கத்தக்க கேள்வி. வாசலில் ஒட்டும் பிளாஸ்டிக் கோலம் வந்தது. தொட்டில் அருகே கைபேசி பாடுகிறது. ஆயிரம் பாட்டைச் சட்டைப்பையில் சுமப்பவர், ஒரு பாட்டையேனும் வாய்விட்டுப் பாடக் கூசுகிறார். நன்றாகப் பாடுபவர் மட்டுமே பாட வேண்டும் என்ற எண்ணம் பிறரின் வாயை அடைத்துவிட்டது. சுவை கூடியது உண்மை. செய்கை குறைந்ததும் உண்மை. ஒரு முறையேனும் புள்ளி வைத்து இழை தவறியவருக்கே அடுத்த வீட்டுக் கோலத்தின் அருமை தெரியும். செய்து பார்த்தவரின் சுவையே ஆழமான சுவை.

தொகுப்புப் பணி இன்றியமையாதது. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்தார், 1958இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் ‘மலையருவி’ என அவற்றை வெளியிட்டது. பேராசிரியர் நா.வானமாமலையும் பின்வந்தோரும் அப்பணியை வளர்த்தனர். அவர்கள் இல்லையேல் பல பாடல்கள் பாடியவர்களோடு மறைந்திருக்கும். ஆனால் ஏட்டில் ஏறிய பாட்டு காப்பாற்றப்பட்ட பாட்டே தவிர, வாழும் பாட்டன்று. அது வாழ்வதற்கு மீண்டும் ஒரு வாய் வேண்டும்.

இலக்கிய வட்டங்களின் கடமை இங்கே தொடங்குகிறது. அறிஞர் பேச அன்பர் கேட்பது ஒரு பாதி. மறுபாதியில், கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்பவரும் தம் ஊர்ப் பாட்டொன்றைப் பாட வேண்டும்; தாய்மார்கள் தம் கோல நோட்டுகளைக் கொண்டுவந்து காட்டவேண்டும்; ஆண்களும் மாவெடுத்துப் புள்ளி வைக்கப் பழகவேண்டும். பிழை வரின் சிரிக்கலாம், விலக்கலாகாது. விரும்பினால் செய்யவும், விரும்பாவிடின் விடவும் எல்லோர்க்கும் உரிமையுள்ள நாளில்தான் கலை அன்றாட வாழ்வின் உண்மையான பகுதியாகும்.

பத்தாண்டு கேட்டுச் சுவைத்த இவ்வட்டம், வரும் பத்தாண்டில் செய்து சுவைக்கும் வட்டமாகவும் வளர்க.