போன வண்டியும் திரும்பி வந்த வண்டியும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ அந்த ஆசிரியர், ஊர்ப்புறத்துச் சாமான்களைப் பற்றி எழுதுவதும் புலமைதான் என்று நம்பியவர். அந்தத் தைரியத்தில்தான் கூண்டு வண்டியை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன்.

கூண்டு வண்டிக்கு உலகப் புகழ் தேடித் தந்தது அமெரிக்கா. வெள்ளைக் கித்தான் போர்த்திய வண்டிகள் புல்வெளியில் சாரை சாரையாகப் போகும் காட்சி நம் எல்லோருக்கும் தெரியும். 1883-இல் தொடங்கிப் பஃபலோ பில் ஊர் ஊராக நடத்திய காட்சிகளும், 1923-இல் ஜேம்ஸ் குரூஸ் எடுத்த ‘தி கவர்டு வேகன்’ என்ற மௌனப் படமும், பின்னால் வந்த கௌபாய் படங்களும் சேர்ந்து அதை நம் மனத்தில் பதித்துவிட்டன. ஆரிகான் மாநிலத்தின் அரசு முத்திரையிலேயே காளை பூட்டிய கூண்டு வண்டி இருக்கிறது.

படத்தில் பார்ப்பதற்கும் நடந்ததற்கும் தூரம் அதிகம். 1843-இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் மிசௌரியிலிருந்து ஆரிகானுக்கு வண்டி கட்டினார்கள். சுமார் 3,200 கிலோமீட்டர் வழி. நான்கு மாதம் முதல் ஆறு மாதம் வரை பிடிக்கும். 1869-இல் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை முடிவதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி மேற்கே போய்விட்டார்கள். வண்டிகளில் பெரும்பாலானவற்றை இழுத்தவை காளைகள். குதிரைக்கு விலை அதிகம், தீனியும் அதிகம். காளை கிடைத்த புல்லைத் தின்றுவிட்டு நடக்கும். பத்தடி நீளம், நாலடி அகலம் உள்ள வண்டிப் பெட்டி மாவு மூட்டையாலும் உப்புக்கண்டத்தாலும் நிறைந்துவிடும். வில் கிடையாது, குலுக்கல் தாங்காது. அதனால் பெண்டு பிள்ளைகள்கூட வண்டியோடு நடந்தே போனார்கள். வழியில் ஆட்களை வாரிக்கொண்டு போனது காலரா. இரவில் வண்டிகளை வட்டமாக நிறுத்தியதும் பெரும்பாலும் மாடு பிய்த்துக்கொண்டு ஓடாமல் அடைத்து வைக்கத்தான். படங்களில் அந்த வட்டம் கோட்டையாகிவிட்டது. அந்த மண்ணுக்கு உரிய லகோட்டா, ஷையன் மக்கள் அதைத் தாக்க வந்த எதிரிகளாகிவிட்டார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். இதைச் சொல்லாமல் அந்த வண்டியின் கதையைச் சொல்வது நியாயம் ஆகாது.

இனி நம் பக்கம் வருகிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகர்களான உமணரின் வண்டித் தொடர் வருகிறது. ஆரைப்புல் வேய்ந்த அந்த வண்டிகள் மேகம் கவிந்த குன்றுபோல் தெரிகின்றன. கோழி அடையும் கூடும், கட்டித் தொங்கவிட்ட சிறிய உரலும், காடி வைத்த கலமும் வண்டியில் உண்டு. கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறாள். புறநானூற்றில் ஔவையார், வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று உமணர் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவதைச் சொல்லி, அதிகமான் மகனை அந்தச் சேம அச்சாகவே பாடுகிறார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு ஒரு குடும்பம் வண்டியிலேயே வாழ்ந்து வழிநடந்ததை இதைவிடக் கிட்டத்தில் யாரும் காட்டிவிட முடியாது. பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனை விட்டுவிட்டு, மாட்டை ஓட்டும் அந்தப் பெண்ணையே திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது எனக்கு.

மதுரைச் சுற்றுவட்டத்தில் கூண்டு வண்டியின் பெரிய காலம் சித்திரைத் திருவிழா. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணமும், தேனூரில் அழகர் ஆற்றில் இறங்கியதும் திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரையில் ஒன்றாகச் சேர்ந்தன என்பது மரபு. மாசி வீதிகளில் சித்திரைத் தேர் ஓடுவதை இன்றும் பார்க்கிறோம். அறுவடை முடிந்து மாடும் மனிதரும் சும்மா இருக்கும் மாதம் அது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, கரிசல் காட்டு ஊர்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் வண்டிகள் கிளம்பும். மூங்கிலை வளைத்துக் கட்டி, மேலே ஓலைப் பாய் போட்டால் கூண்டு தயார். உள்ளே வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரிப்பார்கள். வண்டிக்கு அடியில் சாக்கில் மாட்டுத் தீனி, அச்சுப் பக்கம் லாந்தர் விளக்கு, பின்னால் சோற்றுப் பானை. மொட்டை போட வேண்டிய பிள்ளை, காது குத்த வேண்டிய பிள்ளை, கருப்புக்கு நேர்ந்துவிட்ட கிடா எல்லாம் அதே வண்டியில். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டு, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, வைகை மணலில் மாட்டை அவிழ்த்துவிட்டுப் படுப்பார்கள். திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தையும் கூடும். மாட்டுத்தாவணியில் இன்று இருப்பது பேருந்து நிலையம். பேர் மட்டும் அந்த நாளைச் சொல்கிறது.

அமெரிக்க வண்டி போனது, திரும்பவில்லை. நம் வண்டி போய்த் திரும்பியது. எதையும் பிடிக்கப் போகவில்லை, யாரையும் விரட்டப் போகவில்லை. நேர்த்திக்கடனைச் செலுத்தவும், சம்பந்தம் பேசவும், மாடு மாற்றவும் போய், மழைக்கு முன் ஊர் வந்து ஏர் பூட்டியது. அடுத்த சித்திரையில் அதே வழியில் மறுபடி கிளம்பியது. வழியில் இருந்த ஊருணியும் சுமைதாங்கிக் கல்லும் கல் மண்டபமும் இந்தப் போக்குவரத்தால் பிழைத்தவை. இந்த வண்டிக்கும் பெருமை உண்டு, அந்தப் பெருமையில் இரத்தக் கறை இல்லை என்று நான் மனதாரச் சொல்வேன்.

செய்நேர்த்தியில் இரண்டு வண்டிக்கும் உறவு நெருக்கம். சக்கரத்துக்குப் பட்டை ஏற்றும் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் குடம், அதில் இறங்கிய ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டைகள். கருவேல மரம்தான் இதற்கு வாகு. இரும்புப் பட்டையைச் சக்கரச் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக அடித்து வைத்திருப்பார் கொல்லர். அதைத் தரையில் வைத்து, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரும்பு பழுத்து விரிந்ததும் ஆளுக்கொரு பக்கம் குறடால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் பற்றிப் புகையும். சம்மட்டியால் தட்டித் தட்டி உட்கார வைத்து, கணநேரம் தாமதிக்காமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது வட்டையும் ஆரக்காலும் மொறுமொறுவென்று ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். ஆணி அடித்துக்கூட வராத பிடி அது. பென்சில்வேனியாக் கொல்லர்களும் இப்படித்தான் செய்தார்கள். அங்கே வறண்ட காற்றில் மரம் சுருங்கிப் பட்டை தளர்ந்தால் சக்கரத்தை ஆற்றில் ஊறப் போட்டார்கள். கோடையில் நம்மவர்கள் கண்மாயில் போட்டதுபோல.

ரயில் வந்ததும் அமெரிக்காவில் நெடுவழி வண்டிக்கு வேலை குறைந்துபோயிற்று. மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். இங்கே வண்டி ஓயவில்லை. ரயிலுக்கும் ஆலைக்கும் அதுதான் சுமந்தது. கரிசல் பருத்தி ஹார்வி மில்லுக்கு வந்ததும், நெல் மண்டிகளுக்கு மூட்டை வந்ததும் வண்டியில்தான். பின்னால் டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது. சக்கரம் செய்த தச்சர்கள் கதவு நிலை செய்யப் போனார்கள்.

வண்டித் தடம் அழியாமல் காக்க அமெரிக்காவில் முனைந்தவர் எஸ்ரா மீக்கர். 1852-இல் இளைஞராக வண்டியோடு மேற்கே போனவர், 1906-இல் எழுபத்தைந்து வயதில் காளை பூட்டிய வண்டியில் அதே தடத்தில் கிழக்கே வந்தார். மறைந்துகொண்டிருந்த வழியில் ஊர் ஊராக நிறுத்தி, மக்களைத் திரட்டி, அடையாளக் கல் நடச் செய்தார். அடுத்த ஆண்டு வாஷிங்டனுக்கே வண்டியை ஓட்டிப் போய் அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் காட்டினார். 1978-இல் அந்தத் தடம் தேசிய வரலாற்று வழியானது. அமெரிக்காவின் நினைவில் குறை உண்டு. ஆனால் நினைவைக் காப்பதற்கு அங்கே ஒரு கிழவர் மாட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. பேராசிரியர் தொ. பரமசிவன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் செய்த ‘அழகர் கோயில்’ ஆய்வு 1989-இல் நூலாக வந்தது. கோயிலைக் கல்வெட்டோடு நிறுத்தாமல், அங்கே வரும் சனங்களிடம் கேட்டு எழுதிய நூல் அது. அவர் விட்ட இடத்திலிருந்து வண்டித் தடத்தைத் தொடர வேண்டும்.

கமுதிப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் இன்றும் ஆடியில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து அழகர்கோவில் வருகிறார்கள். மாணவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: வரும் ஆடியில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அவர்களோடு நடந்து வாருங்கள். முதல் இராத் தங்கல் எங்கே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கண்மாய் எது, எந்தத் தோப்பில் யார் இடம் கொடுக்கிறார்கள், நாற்கரச் சாலை வந்தபின் எந்த இடத்தில் வழி மாறியது என்று எழுதுங்கள். சக்கரம் செய்யத் தெரிந்த தச்சர் எந்த ஊரில் மிச்சம் இருக்கிறார் என்று கேட்டு, அவர் வாயாலேயே ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கிழவிகளிடம் மறக்காமல் கேளுங்கள். வண்டிக்குள் என்ன இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எழுதியதை உங்கள் துறையில் ஒப்படைத்தால், அடுத்த ஆண்டு இதே மேடையில் அதை வாசிக்க இடம் கேட்டு அறக்கட்டளைக் குழுவிடம் நானே பேசுகிறேன்.